ஒப்படைக்க ஆளில்லாத கட்டைவிரல்

மூன்று பேருக்கு ஒரு மூளை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கள்ளிக்கோணத்தைக் கேலி செய்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஒன்று இருந்தது உண்மைதான். போன கோயில் கொடைக்கு யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த ஊரிலிருந்து மூன்று பேர் ஆம்புலன்ஸில் போகிற அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தார்கள். முதல் ஆள் ஆவுடையப்பன். அவனுக்கு இது விளையாட்டல்ல. அவன் மனைவி பேச்சியை அவள் அப்பா தன் வீட்டோடு வைத்துக்கொண்டு, "சட்டைப் பையில பேரு தச்ச வேலை ஒண்ணு கெடச்சா வந்து கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டார். ஆவுடை மறுநாளே சட்டைப் பையில் பேர் தைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றான். மாமனார் படித்துப் பார்த்துவிட்டு, "வேலை எங்கல?" என்று கேட்டார். அது ஒன்றுதான் குறை.

இரண்டாவது ஆள் இசக்கி. எதையும் வாதாடித் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டான். மூன்றாவது ஆள் சொரிமுத்து. கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதுவான். பாடம் நடத்துகிற எஸ்தர் மேடம் தும்மினால் அதையும் நேரம் போட்டு எழுதிவைப்பான்.

எஸ்தர் மேடம் ராணுவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்தவர். குண்டு விழுந்த இடத்திலும் கை நடுங்காதவர் என்று பேர். இவர்கள் மூவரும் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூவருக்கும் கழுத்துப் பட்டை மாட்டிக் காட்டினார். "நான் சொல்லுற வரைக்கும் கழட்டக்கூடாது" என்றார். பிறகு போன் வந்தது, வெளியே போனார், சொல்ல மறந்துவிட்டார். திங்கட்கிழமை மூவரும் பட்டையோடுதான் வந்தார்கள். சொரிமுத்து மட்டும் மதியம் வந்தான். கழுத்தைத் திருப்பி பஸ்ஸின் பேரைப் படிக்க முடியாததால் நேராக எதிரில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, அது போன ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்திருந்தான்.

அந்தத் திங்கட்கிழமைதான் மேடம் அந்த விதியைச் சொன்னார்.

"காதத் தொறந்து கேளுங்க. ஒரு நோயாளியத் தொட்டாச்சுன்னா நடுவுல விட்டுட்டுப் போகக்கூடாது. உங்களுக்குச் சமமா, இல்ல உங்களுக்கு மேல பயிற்சி உள்ள ஒருத்தர்கிட்ட வெவரம் சொல்லி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கணும். அதுவரைக்கும் அவர் உங்க பொறுப்பு. வெள்ளிக்கிழமை பரீட்சை, அதுவரைக்கும் வீட்டுல இருந்து படிங்க. இதுல தப்புப் பண்ணினவங்க இந்தப் பக்கமே வராதீங்க."

ஆவுடை கணக்குப் போட்டுப் பார்த்தான். மாமனார் பக்கமும் போக முடியாது, மேடம் பக்கமும் போக முடியாது என்றால் மனுஷன் எந்தப் பக்கம்தான் போவான்?

சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். இறங்கின இடத்தில் திரவியம் அண்ணாச்சியின் நுங்குக் கடை. கடை என்றால் ஒரு சாக்கு, ஒரு அரிவாள், அண்ணாச்சி. நுங்கு சீவும்போது அரிவாள் அவருடைய இடது கட்டைவிரலில் லேசாகப் பட்டுவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். அண்ணாச்சி விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மூவரும் அப்படியே நின்றார்கள்.

"மொதல்ல எடம் பத்திரமான்னு பாக்கணும்" என்றான் இசக்கி. "கையில ஆயுதம் இருக்கு. போலீசு வந்த பொறவுதான் கிட்டப் போகணும்."

"அண்ணாச்சி, அரிவாளக் கீழ வச்சிட்டு ரெண்டு எட்டுப் பின்னால போங்க" என்றான் ஆவுடை.

அண்ணாச்சி குழம்பிப்போய் அப்படியே செய்தார். ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னான். "வணக்கம். நாங்கள் பயிற்சி பெறும் உதவியாளர்கள். தங்களுக்கு உதவி செய்யத் தாங்கள் சம்மதிக்கிறீர்களா?"

"போங்கல அங்கிட்டு."

'அஞ்சு நாப்பது. சம்மதம் இல்லை' என்று எழுதினான் சொரிமுத்து.

சம்மதம் தராதவரைத் தொடக்கூடாது என்பது பாடம். ஆனால் நினைவு தப்பிக் கிடப்பவர் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் பாடம். மூவரும் அண்ணாச்சிக்கு எதிரே வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னத்துக்குல உக்காந்திருக்கீங்க?"

"நீங்க மயங்குறதுக்கு அண்ணாச்சி. அவசரமில்ல, மெதுவா மயங்குங்க."

நுங்கு வாங்க வந்தவர்கள், மூன்று பேர் ஒருத்தரை உற்றுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வாங்காமலே போனார்கள். அரைமணி நேரம் பொறுத்தார் அண்ணாச்சி. பிறகு, "கட்டித் தொலைங்கல" என்று கையை நீட்டினார். மூவரும் பாய்ந்து கட்டினார்கள். ஒரு சுருள் தீர்ந்ததும் அடுத்த சுருள். விரலில் தொடங்கிய கட்டு முழங்கையில் வந்து நின்றது.

ஆவுடைக்கு மனசு நிறைந்துவிட்டது. முதல் நோயாளி. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போற?" என்றான் இசக்கி.

"வீட்டுக்கு."

"தொட்டாச்சேல."

ஆவுடை பையைக் கீழே வைத்தான்.

ஒப்படைக்க ஆள் வேண்டும். ஷேர் ஆட்டோ பிடித்து அண்ணாச்சியைப் பக்கத்து ஊர் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் கட்டை அவிழ்த்து அவிழ்த்து, கடைசியில் விரலைக் கண்டுபிடித்து, "இதுக்கா வந்தீங்க? போய்யா, போய் வேலையப் பாரு" என்றார். இசக்கி விடவில்லை.

"சாருக்குப் படிப்பு எத்தனை வருஷம்?"

"அஞ்சரை வருஷம். ஏன்?"

மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். ஆவுடைக்கு இதிலேயே ஒப்படைத்துவிடலாம் என்று ஆசை. "டாக்டர்ன்னா நமக்கு மேலதான வே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"யோசிச்சுப் பேசு" என்றான் இசக்கி. "ஒடம்பு ஒண்ணுதான. நாம மூணு மாசத்துல படிக்கத அந்த மனுஷன் அஞ்சரை வருஷமாப் படிச்சிருக்காரு. எம்புட்டு மக்கா இருந்திருக்கணும்?"

மறுப்பதற்கு வழியே இல்லை. 'டாக்டர், நமக்குக் கீழ்' என்று எழுதிக்கொண்டான் சொரிமுத்து. மறுபடி முழங்கை வரைக்கும் கட்டி, அண்ணாச்சியை ஊருக்கே கூட்டிவந்தார்கள். அண்ணாச்சி வழியெல்லாம், "அவரு டாக்டர்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "பாவம்தான் அண்ணாச்சி, என்ன செய்ய" என்றான் ஆவுடை.

அன்றிலிருந்து அண்ணாச்சி போகிற இடமெல்லாம் மூவரும் போனார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். அடிக்கடி பார்த்ததில் அண்ணாச்சிக்கு அழுத்தம் ஏறியது. நிலைமை மோசமானால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது பாடம். அப்படிப் பார்த்ததில் இன்னும் ஏறியது. தாங்கள் உடனிருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி குளிக்கப் போனால் இசக்கி கதவைத் தட்டுவான். "அண்ணாச்சி, உங்க பேரென்ன? இன்னைக்கு என்ன கெழமை? நாம இப்ப எங்க இருக்கோம்?" தெளிவு இருக்கிறதா என்று பார்க்கிற கேள்விகள் அவை. உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரும். 'பேச்சு குழறவில்லை' என்று எழுதுவான் சொரிமுத்து.

அண்ணாச்சியின் மனைவி மூவருக்கும் சேர்த்துச் சோறு வடித்தார். "ஒத்த விரலுக்கு மூணு ஆளு. எனக்குப் பேறுகாலம் ஆனப்பகூட ஒத்தக் கெழவிதான் வந்தா" என்று குழம்பை ஊற்றினார். "மதினி, உங்களத் தொட்டிருந்தா உங்க கூடவும் இருந்திருப்போம்" என்றான் ஆவுடை. கரண்டி ஓங்கியது. ஓங்கிய கரண்டியைப் பார்த்து இடம் பத்திரமில்லை என்று மூவரும் முற்றத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

பரீட்சைக்குப் படிக்கவும் வேண்டுமே. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக ஒப்பித்தார்கள், நடுவில் அண்ணாச்சி. புதன்கிழமை அவர் பொறுக்கமாட்டாமல் கட்டுக் கையோடு பனைமரத்தில் ஏறிவிட்டார். உயரமான இடம் பத்திரமில்லை என்பதால் மூவரும் கீழே போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே மேல்நோக்கி ஒப்பித்தார்கள். மேலே கட்டெறும்பு. கீழே இவர்கள். அண்ணாச்சி இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் மேலேயே இருந்தார்.

வெள்ளி வந்தது. பரீட்சைக்குப் போனால் நோயாளியை விட்ட குற்றம். போகாவிட்டால் வேலை இல்லை, பேச்சி இல்லை. "கூட்டிட்டே போயிருவோம்" என்றான் ஆவுடை. அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான். அண்ணாச்சி அவர்களுக்கு முன்னாலேயே வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். மேடத்திடம் அவருக்கு நிறையச் சொல்ல இருந்தது.

பரீட்சை நடத்த மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வீட்டில் உப்புக் கேட்டால்கூட அரசாணை மாதிரிதான் கேட்பார் போலிருந்தது. தரையில் ரப்பர் பொம்மை ஒன்று மல்லாந்து கிடந்தது.

"தேர்வர் ஆவுடையப்பன் தமது இரு கைகளையும் பயன்படுத்தி மேற்படி பொம்மைக்கு முதலுதவி அளித்துக் காட்டவும்."

"முடியாதுங்க. ஒரு கையில ஏற்கெனவே ஒருத்தரு இருக்காரு" என்று அண்ணாச்சியின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான் ஆவுடை.

எஸ்தர் மேடம் விவரம் கேட்டார். நான்கு நாள் கதையையும் கேட்டார். "பேனாவக் குடு, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்" என்றார்.

"கூடாது" என்றார் அதிகாரி. "தேர்வு முடியும்வரை பயிற்றுநர் தேர்வருக்கு எவ்வித உதவியும் புரியலாகாது."

"அப்ப ஐயா நீங்க வாங்கிக்கிடுங்க."

"நான் நிர்வாகப் பிரிவு. எனக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது. தேர்வருக்குப் பத்து நிமிடம் அவகாசம். அதன்பின் வருகை தராதவராகக் கருதப்படுவார்."

ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சியின் தெரு கண்முன் நீண்டுகொண்டே போனது. ஆனாலும் மணிக்கட்டை விடவில்லை. விட்டால் அவன் உதவியாளனே இல்லையே. ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டது.

அப்போது திரவியம் அண்ணாச்சி சொன்னார்: "நானும் பரீட்சை எழுதுதேன்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "நுங்கு வியாபாரி தேர்வு எழுதக்கூடாது என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை" என்று கண்ணாடியைக் கழற்றினார். "அமரவும். தங்கள் தேர்வு முடியும்வரை ஆவுடையப்பனின் அவகாசம் நிறுத்திவைக்கப்படும்."

கேள்வி கேட்டார். அண்ணாச்சி கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். மூச்சு நின்றவனுக்கு என்ன, எலும்பு முறிந்தவனுக்கு என்ன, பாம்பு கடித்தவனுக்கு என்ன, எல்லாம் மடமடவென்று கொட்டியது. நாலு நாளாகச் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பனை உச்சியிலும் கேட்ட பாடமல்லவா. ஆவுடை மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்க, இரண்டு கையாலும் பொம்மை நெஞ்சை அழுத்தின அழுத்தில் அது உட்கார்ந்துவிடும்போல் இருந்தது.

"தொண்ணூற்றெட்டு" என்றார் அதிகாரி. "தேர்ச்சி."

மூவரும் மூலையில் கூடினார்கள்.

"அவரு தொண்ணூத்தெட்டு. நாம இன்னும் சைபர்" என்றான் இசக்கி. "அப்ப நமக்கு மேலதான்."

ஆவுடை திரவியம் அண்ணாச்சியை, திரவியம் அண்ணாச்சியிடம் முறைப்படி ஒப்படைத்தான். "ஆண். வயசு அம்பத்திரெண்டு. எடது கட்டைவெரல்ல வெட்டு. ரத்தம் நின்னு நாலு நாளாச்சு. அழுத்தம் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு."

அண்ணாச்சி கவனமாகக் கேட்டுக்கொண்டார். "ஆளு எப்படி, தொந்தரவு குடுப்பாரா?"

"அப்பப்ப கெட்ட வார்த்த சொல்லுவாரு. மரத்துல ஏறுவாரு."

"நான் பாத்துக்கிடுதேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆவுடையின் கை விடுதலை ஆனது. பத்தாவது நிமிஷத்தில் பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டு, சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்து, முப்பத்தாறு மார்க் வாங்கித் தேறினான். மற்ற இருவரும் முப்பத்தைந்து. எஸ்தர் மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை இரண்டு கையாலும் பிடித்துச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைச் சட்டையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு ஆவுடை அன்றைக்கே பேச்சியைக் கூட்டிவரக் கிளம்பினான். மாமனார் ஊர் பஸ் கள்ளிக்கோணம் வழியாகத்தான் போகும். பஸ்ஸில் ஏறி நின்றான். பின்னாலேயே திரவியம் அண்ணாச்சி, தன் வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி, உதடு அசைய நாடியை எண்ணிக்கொண்டே ஏறினார்.

"கள்ளிக்கோணம் ரெண்டு" என்றார் கண்டக்டரிடம்.

"கூட யாரு?"

"பேஷண்ட்."

கண்டக்டரும் கள்ளிக்கோணத்துக்காரர்தான். அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். கட்டைப் பார்த்ததும் தலையாட்டி இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"ஒரு சீட்டுதான் காலியாக் கெடக்கு அண்ணாச்சி. பேஷண்ட உக்கார வையும். கூட வந்தவரு நிக்கட்டும்."

அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. சீட்டுக்கு மேலே இடுப்பை இறக்கி, சீட்டில் படாமல் நிறுத்தி, உட்காராமலும் நிமிராமலும் அப்படியே நின்றார். பதினேழு நிறுத்தம் போனது.

ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, கால் வலிக்கலையா?"

"எனக்கு வலிக்கத்தான் செய்யுது" என்றார் அண்ணாச்சி. "அவரு சௌகரியமா இருக்காரு."