அறுபது பேர் சொன்ன ஆமாம்

கதை இங்கே இருக்கிறது; தீர்ப்பு உங்கள் கையில்.

பரிமளாவும் ஜெசிந்தாவும் நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உளவியல் ஆய்வு மாணவிகள். தில்லிக் கருத்தரங்குக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று பேராசிரியை வடிவு சொன்ன நாளிலிருந்து பரிமளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாட்டுப்பற்றை அளக்கும் தன் இரண்டு வருட ஆய்வுக்காக ஜெசிந்தா இருபது வாக்கியங்கள் எழுதியிருந்தாள். ‘உலகிலேயே நம் நாடுதான் உயர்ந்தது’ என்பது முதல் வாக்கியம். மற்றவையும் அதே ரகம். பீடி சுற்றும் பெண்கள் அறுபது பேரிடம் போய், பெயர் எழுதி, பதில் வாங்கி வந்தாள். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்றதால் எல்லோருக்கும் முழு மதிப்பெண். பேராசிரியை அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டு நின்ற பரிமளாவுக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் அமைகிறதோ!

அவளைக் கவிழ்த்தே தீருவது என்று பரிமளா அதே வாக்கியங்களைத் தலைகீழாகத் திருப்பினாள். ‘மற்ற நாடுகளும் நம் நாட்டளவுக்கு உயர்ந்தவைதான்.’ அதே அறுபது பேரிடம் போனாள். அவர்களில் ஒருவரான ஆவுடையம்மாள் பீடி இலையை நறுக்கிக்கொண்டே, கேள்வி முடியுமுன் தலையாட்டினார்.

“யோசிச்சுச் சொல்லுங்கக்கா.”

“தேடி வந்த புள்ளகிட்ட இல்லன்னா சொல்லுவோம்? எல்லாத்துக்கும் ஆமான்னே போட்டுக்கோம்மா.”

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போட்டுக்கொண்டாள். அவள் படிவத்தில் ‘ஆமாம்’ என்றால் பூஜ்யம்.

மறுநாள் படிவக் கட்டைப் பேராசிரியையின் மேசைமேல் போட்டாள். “மேடம், இவகிட்ட முழு மார்க் வாங்கின அத்தனை பேரும் என்கிட்ட பூஜ்யம். இவ அளவுகோலே பொய்.”

ஜெசிந்தா இரண்டு கட்டுகளையும் எடுத்து, பெயர் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பத்துப் பேரைத் தாண்டியதும் நிறுத்தினாள்.

“ஆவுடையம்மா என்கிட்டயும் ஆமாம், இவகிட்டயும் ஆமாம். எல்லாருமே அப்படித்தான். ரெண்டு அளவும் பொய் மேடம். வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு தலையாட்டியிருக்காங்க. என் ரெண்டு வருஷம் போச்சு.”

தில்லியில் வாசிக்க வேண்டியதே இதுதான் என்றார் பேராசிரியை.

“நான் திருப்பிப் போடலைன்னா இது தெரிஞ்சிருக்குமா?” என்றாள் பரிமளா. அதுவும் நியாயம்தானே?

அப்படியானால், தில்லிக்குப் போக வேண்டியவள் யார்?

விடை: ஜெசிந்தா. உண்மை முதலில் பரிமளாவின் காதில்தான் விழுந்தது; ஆவுடையம்மாள் வாய்விட்டே சொன்னார். வெளியே சொன்னால் தன் பூஜ்யங்களும் செல்லாமல் போகும் என்று அவள் விழுங்கிவிட்டாள். ஜெசிந்தா தன் உழைப்பே பாழாகும் என்று தெரிந்தும் சொன்னாள். அவளை ரயிலேற்றிவிடப் போன பரிமளாவுக்கு அன்றும் வயிறு எரிந்தது. ‘என் ரெண்டு வருஷம் போச்சு’ என்று தன் வாயிலிருந்து ஒருநாளும் வந்திருக்காதே என்று.