ஆமென் சொல்லும்வரை தண்ணீர் இல்லை

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டில் ஒரு முள்ளெலி இருந்தாள். பேர் ஞானக்கனி. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உருவம்தான். ஆனால் கோபம் வந்தால் தாங்காது. மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இவளுக்கு முதுகு முழுக்கக் கோபம்! நினைத்த மாத்திரத்தில் முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

"உனக்குப் பொறுமை வேணும்னு நான் தினமும் ஜெபிக்கேன், ஞானக்கனி" என்பார் உபதேசியார்.

"உமக்குக் கண்ணு தெரியணும்னு நானும் ஜெபிக்கேன், அய்யா!" என்பாள் இவள்.

உபதேசியார் வேறு யாருமில்லை, மயில்தான். அந்தக் காட்டில் தினமும் விடியும்போது அருணோதய ஜெபம் நடக்கும். நடத்துகிறவர் அவர். அவரிடம் ஒரு பனையோலைப் பெட்டி இருந்தது. பெட்டி நிறைய ஓலை நறுக்குகள், ஒவ்வொரு நறுக்கிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடிக்கொண்டு அலகால் ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அதுதான் அன்றைக்குக் காட்டுக்கே கட்டளை. 'பொய் சொல்லாதே' என்று வந்துவிட்டால் நரி அன்று முழுக்க வாயைத் திறக்காது. அவ்வளவு பக்தி!

வசனத்தை வாசிக்க வேண்டும். அதன்படி நடந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அப்புறம் ஆமை மேஷாக் நீளமாக ஒரு ஜெபம் பண்ணுவார். ஆமென் போட்ட பிறகுதான் தண்ணீர். அதற்கு முன்னால் ஒருவரும் குளத்தில் வாய் வைக்கக் கூடாது. இது சட்டம்.

சட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கோடையில் அந்தக் குளம் வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். மூன்று பக்கமும் செம்மணல் செங்குத்தாக நிற்கும். காலை வைத்தால் பொலபொலவென்று சரியும். ஒரே ஒரு பக்கம்தான் இறங்குகிற மாதிரி சரிவு. ஒரு வருஷம் அங்கே தள்ளுமுள்ளு நடந்து, கௌதாரிக் குஞ்சு இரண்டு மிதிபட்டுப் போயின. அப்போதுதான் உபதேசியார் சொன்னார், முதலில் எல்லாரும் உட்கார்ந்து ஜெபிப்போம், பிறகு வரிசையாக இறங்குவோம் என்று. நல்ல பேச்சுதானே? ஆனால் உட்காருவதற்கு இந்தப் புத்திசாலிகள் எந்த இடத்தைப் பிடித்தார்கள் தெரியுமா? அந்தச் சரிவையே பிடித்தார்கள்! அங்கேதான் உடைமரத்து நிழல் இருந்ததாம்!

அன்றைக்கு வைகாசி மாதத்து விடியல். உபதேசியார் பெட்டிக்குள் அலகை விட்டு ஒரு நறுக்கை எடுத்தார். தோகையை ஒரு உதறு உதறிவிட்டு வாசித்தார். தாகத்தோடு வந்த எளியவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால், அது ஆண்டவருக்கே கொடுத்ததுபோல என்று வந்திருந்தது.

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"எப்பேர்ப்பட்ட வசனம்! இதன்படி நடந்தவங்க எழுந்து சாட்சி சொல்லலாம்" என்றார் உபதேசியார்.

நரி எப்ராயீம் முதலில் எழுந்தார்.

"ஸ்தோத்திரம். போன மாசம் ஒரு கோழி வழி தெரியாம தாகத்துல நின்னுச்சு. நான்தான் அதைக் கூட்டிட்டு வந்து இந்தத் தண்ணியைக் காட்டினேன்."

"பிறகு?" என்றாள் ஞானக்கனி.

"பிறகு என்ன? குடிச்சுது."

"அதுக்குப் பிறகு?"

"சாட்சியில குறுக்கே பேசக் கூடாது!" என்றார் எப்ராயீம், உதட்டை நக்கிக்கொண்டே.

ஞானக்கனிக்கு முதுகு லேசாகச் சிலிர்த்தது. அந்த நேரத்தில்தான் மேட்டின் மேல் ஒரு முயல் வந்து நின்றாள். இந்தக் காட்டுக்காரி இல்லை. உடம்பெல்லாம் செம்புழுதி. வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டிருந்தாள். இன்னொரு குட்டி பின்னால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. கவ்வியிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள். அதன் தலை நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"அய்யாமாரே, கொஞ்சம் வழி விடுங்க. எங்க காட்டுச் சுனை வத்திப்போச்சு. மூணு பொட்டல் தாண்டி வாறேன். பிள்ளைக்குத் தண்ணி வேணும்" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. உபதேசியார் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"ஜெபம் நடக்கு, தாயி. தெரியுதா இல்லியா?"

"தெரியுது அய்யா. ஒரு ஓரமா இறங்கிக்கிடுதேன்."

"ஓரம் ஏது இங்க? எல்லாரும் எழுந்திரிச்சா ஆராதனை கலைஞ்சு போகும். ஆண்டவருக்குத்தான் முதல் இடம், மத்ததெல்லாம் பிறகு. அந்த மேட்டுல உக்காரு. நீயும் வசனத்தைக் கேளு, ஆசீர்வாதமா இருக்கும்."

"வெளியூர்க்காரங்க நம்ம ஒழுங்கைப் படிக்கணும்ல!" என்றார் எப்ராயீம்.

முயல் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? வந்த இடத்தில் எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்பும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியது. தேரி மணல் சூடேறினால் அடுப்புக் கல்தான். அவள் குட்டியைத் தன் நிழலில் கிடத்திக்கொண்டு நக்கி நக்கிப் பார்த்தாள். நாக்கில் ஈரம் இருந்தால்தானே!

ஞானக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். உபதேசியார் எப்படியும் எழுந்துவிடுவார் என்று நினைத்தாள். இப்போது எழுவார், இதோ எழுவார் என்று காத்திருந்தாள். நாம் ஏதாவது சொன்னால் 'கோபக்காரி' என்று மறுபடியும் பேர் வரும், போன வாரம்தான் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கீரி எழுந்து சாட்சி சொன்னார். ஓணான் எழுந்து சாட்சி சொன்னார். ஓணான் தண்ணீர் கொடுத்தது கனவிலாம், ஆனாலும் ரொம்ப விவரமாகச் சொன்னார்! கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதற்கு மேல் உபதேசியாரே எழுந்து, தண்ணீர் கொடுப்பதில் உள்ள ஆழமான அர்த்தங்களைச் சொல்லத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "மேஷாக் அண்ணாச்சி, ஜெபியுங்க" என்றார்.

மேஷாக் கண்ணை மூடினார். ஆமை எதைத்தான் சீக்கிரம் செய்திருக்கிறது? "ஆண்டவரே..." என்று தொடங்கி மூச்சு வாங்கிக்கொண்டார். "தாகமாயிருக்கிற ஒவ்வொருவரையும்... இந்த விடியற்காலத்திலே... நினைத்தருளும்..."

மேட்டின் மேல் முயல் முனகினாள்.

"யாராவது... பிள்ளை கண்ணைச் சொருகுதே!"

"ஷ்ஷ்!" என்றது கூட்டம்.

அவ்வளவுதான்! ஞானக்கனிக்கு உச்சி முதல் வால் வரை முள் எழுந்து நின்றது.

"என்னவே 'ஷ்ஷ்'? யாரைவே 'ஷ்ஷ்'ங்குதீரு? கையில ஓலையை வச்சுக்கிட்டு, காலடியில தண்ணியை வச்சுக்கிட்டு, கண்ணு முன்னால ஒரு பிள்ளையைச் சாக விட்டுட்டு ஜெபமா பண்ணுதீங்க? வெட்கமா இல்ல?"

"ஞானக்கனி! உக்காரு! பொறுமை!" என்று கத்தினார் உபதேசியார்.

"பொறுமையைக் கொண்டுபோய் உம்ம பெட்டியில வையும்!"

சொன்னவள் சரிவின் உச்சிக்கு ஓடினாள். தலையை உள்ளே இழுத்து, உடம்பைச் சுருட்டி, முள்பந்தாக உருண்டாள். நேராகக் கூட்டத்துக்குள்! "ஐயோ!" என்று துள்ளினார் கீரி. "அம்மாடி!" என்று ஓணான் மரத்தில் ஏறினார். எப்ராயீமுக்குப் பின்பக்கத்தில் முள் நன்றாக ஏறியது. அல்லேலூயா சொன்ன வாயிலிருந்து ஒரு ஊளைதான் வந்தது. உபதேசியார் தோகையைத் தூக்கிக்கொண்டு பறந்தார், அப்படியும் இரண்டு இறகு போயிற்று. கடைசியாக மேஷாக்கின் ஓட்டில் போய் 'டங்'கென்று முட்டினாள். அவளுக்குத் தலையே கலங்கிவிட்டது.

"நகரும் வேய், மேஷாக்!"

மேஷாக் கண்ணைத் திறந்தார். "என்னம்மா? இன்னும் ஆமென் வரலியே?"

"மேல பாரும்!"

மேஷாக் பார்த்தார். பிறந்ததிலிருந்து அப்படி ஓடியிருக்க மாட்டார், அவ்வளவு வேகமாக விலகினார்.

"இறங்கு தாயி, இறங்கு!" என்று ஞானக்கனி கூப்பிட்டாள். முயல் குட்டியைக் கவ்விக்கொண்டு சரிவில் பாய்ந்தாள். பின்னால் வந்த சின்னது தண்ணீரைப் பார்த்ததும் முகத்தையே உள்ளே விட்டுச் சளப் சளப்பென்று குடித்தது. முயல் மற்றதைக் கரையில் கிடத்தி, வாயில் தண்ணீர் ஏந்தி அதன் வாயில் விட்டாள். தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் வெளியே வந்தது. மூன்றாவது தடவை அவள் விடவில்லை. அதன்மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். மெல்ல இறங்கி வந்தார்.

"அழாதே தாயி. கொடுத்தவரே எடுத்துக்கிட்டாரு. ஆண்டவருடைய சித்தம்."

ஞானக்கனி துள்ளி எழுந்தாள்.

"அவர் மேல பழியைப் போடாதேயும்! அவர் எடுக்கல. நீரு எடுத்தீரு! இந்த நரி எடுத்துச்சு! நானும்தான் எடுத்தேன்!" குரல் உடைந்தது. "ரெண்டு சாட்சியும் பிரசங்கமும் முடியுற வரைக்கும் நானும் உக்காந்திருந்தேனே! நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேனே! முதல்லயே உருண்டிருந்தா இந்தப் பிள்ளை இப்ப எழுந்து ஓடியிருக்கும்ல!"

அவளுக்கு உபதேசியார் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் இருந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. முள்ளெல்லாம் படிந்துவிட்டது. முயலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முயல் வந்ததிலிருந்து அந்தக் காட்டில் ஒருவரும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"உன் பேரு என்னம்மா?"

"லேயாள்."

"பிள்ளைக்கு?"

"இன்னும் வைக்கல."

உபதேசியாருக்கு அந்த இடத்தில் சும்மா நிற்க முடியவில்லை. பழக்க தோஷம்! "சரி, எல்லாரும் கிட்ட வாங்க. லேயாளுக்காக ஒரு ஆறுதல் ஜெபம் பண்ணுவோம்" என்றார். கூட்டமும், கெட்ட கேட்டுக்கு, மறுபடியும் சரிவில் இறங்கி உட்காரத் தொடங்கியது!

லேயாள் தலையைத் தூக்கினாள். அவள் கத்தவில்லை.

"ஜெபம் வேண்டாம் அய்யா. எனக்கு இன்னொரு பிள்ளை இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் அதுக்குத் தாகம் எடுக்கும். அப்ப வழியில உக்காராம இருந்தீங்கன்னா, அதுவே எனக்குப் போதும்."

உட்காரப் போன கூட்டம் அப்படியே நின்றது. மேஷாக் ஒருவர்தான் மேட்டில் ஏறி, உடைமரத்து வேரடியில் மண்ணைத் தோண்டத் தொடங்கினார். ஞானக்கனியும் போய்க் கூடத் தோண்டினாள். சின்னக் குழிதான், நேரம் ஆகவில்லை.

மறுநாள் விடிந்தது. உபதேசியார் வழக்கம்போல் பெட்டியோடு வந்து சரிவின் நடுவில் தோகையை விரித்து உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரையும் காணோம்! எல்லாரும் மேட்டில், கொதிக்கப்போகிற மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் அங்க போய் உக்காந்திருக்கீங்க? நிழல் இங்கல்லா இருக்கு!"

"இங்க இருந்தாலும் கேக்கும், அய்யா. நீங்களும் மேல வாங்க" என்றார் மேஷாக்.

"காலங்காலமா நம்ம ஆராதனை நடந்த இடம் இது! ஒரு முயலுக்காக மாத்தணுமா?"

ஞானக்கனி சரிவின் உச்சிக்கு வந்து நின்றாள். முள் ஒவ்வொன்றாக எழுந்தது. அவளுக்குப் பின்னால் லேயாள் நின்றாள், லேயாளின் காலடியில் அந்தச் சின்னது நின்றது.

"நகருதீரா அய்யா, இல்ல நான் உருளட்டுமா?"

உபதேசியார் முள்ளைப் பார்த்தார், தன் தோகையைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். அவர் மனம் திருந்தி ஏறினாரா, பயந்து ஏறினாரா என்று ஞானக்கனி கேட்கவில்லை. வழி கிடைத்தது. சின்னது துள்ளி இறங்கிக் குடித்தது. அது வயிறு நிறையக் குடித்து முடித்த பிறகுதான் அன்றைக்கு வசனத்தை வாசித்தார்கள்.

தாகத்தோடு நிற்பவனின் வழியை மறித்துக்கொண்டு எத்தனை ஆமென் சொன்னாலும், அதில் ஒன்றுகூட ஆண்டவர் காதில் ஏறாது.