காலில் தட்டுப்பட்ட எழுத்து

முத்துக்குளித்துறைக் கடலோரத்தில் இன்னாசியம்மாள் என்றொரு அம்மையார் வாழ்ந்தார். அடுத்தவர் வாடியில் மீன் கீறி, உப்பிட்டு, கருவாடு காயப்போடுவது அவர் பிழைப்பு. விடியுமுன் கோயில் முற்றத்து மணலைப் பெருக்குவதும் பலிபீடத் துணிகளைத் துவைத்து மடிப்பதும் அவர் தாமாக எடுத்துக்கொண்ட ஊழியம். துணியைத் தொடுமுன், கவிச்சி போகவேண்டும் என்று கையைப் புளி போட்டுத் தேய்ப்பார். அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டார்; கோயிலுக்குப் பின்னால் நின்ற அரளியின் வேரில்தான் ஊற்றுவார்.

அவருக்கு ஒரே மகன், கஸ்பார். ஓர் ஐப்பசியில் கடலுக்குப் போன அவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அலை இழுத்துக்கொண்டுபோய் ஏதாவது ஒரு நாட்டில் ஒதுக்கியிருக்கும், அங்கே சிறையில் கிடப்பான் என்று சிலர் சொன்னார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு வருடம் போயிற்று.

அந்தக் கோயிலில் பெயர் எழுதிப் போட இரண்டு பெட்டிகள் இருந்தன. கடலுக்குப் போயிருப்பவர்களுக்கான வேண்டுதலுக்கு ஒன்று. மரித்தவர்களின் ஆன்மாவுக்குப் பூசை கேட்க மற்றொன்று. இரண்டு பெட்டியையும் நாள்தோறும் துடைத்தவர் இன்னாசியம்மாள்தான். ஆனால் மகன் பெயரை எதிலும் அவரால் போட முடியவில்லை. மரித்தோர் பெட்டியில் போட்டால், எங்கேயோ உயிரோடிருக்கும் பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றதாக ஆகும். மற்றதில் போட்டால், அவன் இறந்திருக்கும் பட்சத்தில், ஆன்மாக்கள் மோட்சத்துக்கு முன் பாவக்கறை நீங்கக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கைதூக்கிவிட ஆளில்லாமல் தவிப்பான். மருமகள் மெர்சலினும் தாலியோடு இருப்பதா, கழற்றுவதா என்று தெரியாமல் ஒரு மூலையில் ஒடுங்கிப் போனாள்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முழங்கால் போடுதா, பெத்த பிள்ளைக்கு ஒரு பூசை கேக்க மனசில்ல" என்று வாடியில் பெண்கள் பேசுவார்கள். அம்மையார் தலையைக் குனிந்து மீனைக் கீறுவார். ஆண்டவர் ஒருநாள் சொல்லுவார் என்ற நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை.

ஒரு தவக்காலத்தில் பங்குச் சாமியார் இருபது பேரைப் புனித நாட்டுக்கு அழைத்துப் போனார். விசைப்படகு முதலாளியின் மனைவி மெற்றில்டா அம்மாளுக்கு முழங்கால் நோவு. கைபிடித்து நடக்க ஆள் வேண்டுமென்று இன்னாசியம்மாளைக் கூட்டிக்கொண்டார். கலிலேயாக் கடலைப் பார்க்கப்போகிறோம் என்று சாமியார் சொன்னார். புயலை அதட்டி அடக்கிய ஆண்டவர் நின்ற தண்ணீர் அல்லவா அது! அதன் கரையில் நின்று, 'என் பிள்ளை இருக்கானா, இல்லையா?' என்று கேட்டுவிடுவது என்று அம்மையார் முடிவு செய்தார்.

கடலுக்குப் போகும் வழி ஒரு மலைச்சரிவில் இறங்கியது. நான்கு மணி நேர நடை; தவ முயற்சியாக எல்லோரும் நடந்தே போனார்கள். வழிகாட்டியாக வந்த அவ்னேர் என்ற யூதர் முதலில் ஒரு பழைய யூத ஜெபக்கூடத்தின் இடிபாட்டுக்கு அழைத்துப்போனார். கறுத்த கல்தூண்கள் சில நின்றன, கூரை இல்லை. அம்மையார் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். ஊரில் எந்தக் கோயிலுக்கும் அப்படித்தானே போவார்? இங்கே நுழைந்த வழியாக வெளியே வருவதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. பாதை மறுபுறம் இறங்கி, நெடுந்தூரம் போய்விட்டது. காலில் முள் தைத்தபிறகே செருப்பின் நினைவு வந்தது.

மெற்றில்டா அம்மாள் நின்று முறைத்தார். "குருசு இல்ல, கூரை இல்ல, வெறுங்கல்லு. இதுக்குப் போயி செருப்பக் கழத்துனியே, ஒனக்குக் கூறு இருக்காடி?"

"சனங்க வேண்டுதல் செஞ்ச எடந்தானம்மா" என்றார் அம்மையார் மெதுவாக.

போய் எடுத்து வரட்டுமா என்று சாமியார் கேட்டார். தன்னால் மற்றவர்களுக்குப் பொழுது வீணாகக்கூடாது என்று அம்மையார் மறுத்துவிட்டு, மெற்றில்டா அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். வெயிலில் கல் கொதித்தது. முட்செடிகள் கணுக்காலைக் கீறின. "நம்ம இன்னாசி தனிச் சிலுவப்பாதை நடத்துதா" என்று பின்னால் யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். குதிகாலில் ரத்தம் கசிந்ததை அவர் சேலைக் கரையால் மறைத்துக்கொண்டார்.

பாதி வழியில் இன்னோர் இடிபாடு வந்தது. ஆதிக் கிறிஸ்தவர்கள் கட்டிய கோயிலின் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீர் இருக்கும் நிழலைத் தேடி எல்லோரும் அதை மிதித்துக் கடந்தார்கள். கடைசியாக வந்த அம்மையாரின் புண்பட்ட பாதத்தில் ஏதோ நெருடியது. மண்ணை விலக்கினார். கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. துணுக்குற்றுப் பின்வாங்கினார். பள்ளிக்கூடம் அறியாதவர் அவர். ஆனாலும் எழுத்தின்மேல் கால் படலாகாது என்று அறிந்தவர். குனிந்து அதைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, "தெரியாம மிதிச்சிட்டேன், பொறுத்துக்கிடும்" என்றார்.

அவ்னேர் இதைப் பார்த்துத் திரும்பி வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று சாமியார் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினார். எவரும் நின்று பார்க்காததால் இந்தக் கல்லைக் காட்டுவதையே விட்டுவிட்டேன் என்றார். ஒரு மனிதரின் பெயரும் ஒரே ஒரு வேண்டுதலும் அதில் இருந்தன: 'ஆண்டவரே, இவரை நினைத்தருளும்.' மேலே பார்த்த ஜெபக்கூடத்திலும் யூதர்கள் தங்கள் மொழியில் இதே போல, நன்மைக்காக நினைக்கப்படுவாராக என்று பெயர்களை வெட்டியிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார்.

அம்மையார் அந்த எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: "சாமி, இத வெட்டும்போது அந்த மனுசன் உசிரோட இருந்தாரா, செத்துட்டாரா?"

சாமியார் அதை அவ்னேரிடம் மொழிபெயர்த்துக் கேட்டார். அவ்னேர் மெல்லச் சொன்னதைச் சாமியார் தமிழில் சொன்னார்: "தெரியாதாம், அம்மா. இருக்கிறவங்களுக்கும் இதத்தான் வெட்டுவாங்களாம், இறந்தவங்களுக்கும் இதத்தான் வெட்டுவாங்களாம். ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்தான்."

ஆறு வருடமாக அழாத அம்மையார் அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதார். ஏன் என்று கேட்க வாயெடுத்த மெற்றில்டா அம்மாள், அவருடைய குதிகாலைப் பார்த்தார். பிறகு நோவுகிற முழங்காலை மடக்கிக் கீழே அமர்ந்து, தன் கைக்குட்டையால் அந்தக் காலைக் கட்டினார்.

மாலையில், கடல் என்று பெயர்பெற்ற அந்தக் கலிலேயா ஏரியின் கரையில் பூசை நடந்தது. தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. கேட்க நினைத்த கேள்வியை இன்னாசியம்மாள் கேட்கவில்லை. மன்றாட்டு வேளையில் எழுந்து, "எம் மவன் கஸ்பார நெனச்சுக்கிடும் ஆண்டவரே" என்றார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவன் பெயர் பலிபீடத்தின் முன் ஒலித்தது. "நெனச்சுக்கிடும் ஆண்டவரே" என்று முதலில் பதில் சொன்ன குரல் மெற்றில்டா அம்மாளுடையது.

கஸ்பார் பிறகும் வரவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, கடலில் இருப்பவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் வேண்டியபின் சாமியார் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "எங்கே இருக்கிறார்கள் என்று உமக்கு மட்டுமே தெரிந்தவர்களை, ஆண்டவரே, நினைத்தருளும்." கஸ்பாரின் பெயரைச் சொல்லி நிறுத்தினார். மெர்சலின் முக்காட்டுக்குள் விம்மினாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து, பதினேழு வருடத்துக்கு முன் காணாமற்போன தன் கணவர் பெயரைச் சொன்னாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி எழுந்தாள். அன்று பதினொரு பெயர்கள் சொல்லப்பட்டன. எந்தப் பெட்டியிலும் போடமுடியாமல் அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் இத்தனை காலம் நெஞ்சுக்குள் வைத்திருந்த பெயர்கள் அவை.

தன் ஒரு பிள்ளைக்காக ஏங்கி நடந்தவரின் கையில், ஒரு கடற்கரைக்கே வேண்டிய வார்த்தையைக் கொடுத்தனுப்பினார் ஆண்டவர். வாசிக்கத் தெரியாத இன்னாசியம்மாள் புண்பட்ட பாதத்தால் வாசித்த வார்த்தை அது. அந்த எளிய பாதங்களுக்கு நம் வணக்கம்.