உறை பிரிக்காத கனெக்டர்

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் ஜீனத்துக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் பெனடிக்ட். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஒரு நாள் பார்வையற்றோர் விடுதியிலிருந்து வசுந்தரா டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கும் பார்வை கிடையாது. கூடவே விடுதியின் பிரெய்ல் பிரிண்டரும், அதை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரும் வந்தன.

“திங்கட்கிழமை பிள்ளைங்களுக்குப் பரீட்சை. கணக்குப் பாடம் இன்னும் அச்சாகலைம்மா,” என்றார்.

இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனையில் கனெக்டர் உடைந்திருந்தது. அந்த மாதிரி கனெக்டரை இப்போது யாரும் செய்வதில்லை. பெனடிக்ட் தேடக் கிளம்பினார். காயலான் கடை ஒன்று விடாமல் நாயாய் அலைந்தார். கடைசியில், மூடிக் கிடந்த ஒரு கடையைக் கெஞ்சித் திறக்கவைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார். புத்தம் புதியது. கம்பெனி உறைகூடப் பிரிக்கவில்லை. திரும்பி வரும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. பழைய சாமான் தேடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உறை பிரிக்காத பொருள் கிடைத்துவிட்டால் தடவித் தடவிப் பார்ப்பார்கள், பிரிக்க மாட்டார்கள். பெனடிக்டும் புதியதை அலமாரியில் பத்திரப்படுத்தினார். உடைந்ததையே பசை போட்டு ஒட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்து மாட்டினார்.

டீச்சர் மறுபடி வந்ததும் பிரிண்டரை ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. டீச்சர் தாளின் மேல் விரலை நகர்த்தினார். பாதி வரியில் விரல் நின்றது.

“எண்ணெல்லாம் தப்பா விழுதே. இதைப் படிச்சிட்டுப் போனா பிள்ளைங்க ஃபெயிலாயிடுவாங்களே.”



ஜீனத் கனெக்டரை அசைத்துப் பார்த்தார். அதன் ஊசி போன்ற பின்களில் ஒன்று ஆடியது. தொட்டும் தொடாமலும் இருந்தால் எண்கள் மாறித்தான் விழும்.

“புதுசு கிடைக்கலையாண்ணே?”

பெனடிக்டுக்குப் பொய் சொல்ல வராது. அலமாரியிலிருந்து எடுத்து வந்து நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

“ஊர்லயே இது ஒண்ணுதான் மேடம். ஒட்டினதையே இன்னொரு தரம் சரி பண்ணிப் பாக்கறேன். இது இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“என்னைக்காவது ரொம்பத் தேவைப்பட்டா?”

ஜீனத் அதை மெதுவாக வாங்கி, டீச்சரின் கையில் வைத்தார்.

“இதைப் பிரிங்க டீச்சர்.”

டீச்சர் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, சர்ரென்று கிழித்தார்.

“போச்சு மேடம்! இனிமே இப்படி ஒண்ணு யாருக்குக் கிடைக்கும்?”

ஜீனத் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார்.

“அலமாரிக்குள்ள இருந்தப்ப மட்டும் யாருக்குண்ணே கிடைச்சுது?”