காரணமானவர் பெயர்

காலை ஒன்பது மணிக்கு முடங்கிய இணையதளம் பதினொன்று நாற்பதுக்குத்தான் மீண்டது. மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

தளத்தைப் பராமரித்தது பாளையங்கோட்டையில் ஒரு சிறு நிறுவனம். அங்கே தொழில் சொல்லித் தருபவர் ஜமீலா. வயது முப்பத்திரண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் இசக்கியப்பன், நாற்பத்தாறு வயது. அதற்கு முன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

தளம் மீண்டதும் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: காரணமானவர் பெயர். ஒரு மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். பெயருக்குரியவர் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.

அன்று காலைப் பணியில் இருந்த இசக்கியப்பன்தான் அதை நிரப்ப வேண்டும். படிவத்தோடு ஜமீலாவிடம் வந்தார்.

"நம்ம ஆபீஸ் செல்வின் பேரை எழுதிருதேன் மேடம்."

"ஏன்?"

"நேத்து சாயங்காலம் அப்டேட் போட்டது அவன்தான். போட்டுட்டு சினிமாவுக்குப் போயிட்டான். போன்ல ஏச்சு வாங்குனது நான். 'நீயெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தியா'ன்னு ஒருத்தர் கேக்காரு!"

"அப்டேட்டுனாலதான் முடங்குச்சா?"

"சர்வர்ல இடம் நிரம்பிப்போச்சு."

"ஒரே ராத்திரியிலயா?"

"அதெல்லாம் தெரியாது. கடைசியா கை வச்சது அவன்."

"இடம் குறைஞ்சா நம்ம எல்லாருக்கும் அலர்ட் வந்துக்கிட்டிருந்துச்சே?"

"அதுவா? அதைத்தான் நான் போன மாசமே நிறுத்திட்டேன்ல. எண்பது சதவீதம் நிரம்பிருச்சு, எண்பத்தொண்ணு சதவீதம் நிரம்பிருச்சுன்னு சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மனுஷன் வேலை பாக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு மறுபடி செல்வினைத் திட்டத் தொடங்கினார். அப்டேட், சினிமா, ஏச்சு. முதலிலிருந்து.

ஜமீலா ஹெட்போனை எடுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டு, கணினியைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்.

இசக்கியப்பன் கொஞ்ச நேரம் கவனிக்காமல் பேசினார். கவனித்ததும் மேசையைத் தட்டினார். ஜமீலா திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார்.

ஜமீலா ஹெட்போனைக் கழற்றினார்.

"என்ன மேடம் இது? தலை போற விஷயம் சொல்லுதேன், காதை மூடிக்கிட்டா எப்படி? உங்ககிட்டச் சொல்லாம யார்ட்டப் போய்ச் சொல்ல?"

"சும்மா சும்மா சொல்லிக்கிட்டே இருந்தீங்க. மனுஷி வேலை பாக்க வேண்டாமா?"

இசக்கியப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்துப் படிவத்தில் எழுதினார்.

"என் பேரைத்தான் எழுதிருக்கேன். பாத்துக்கிடுங்க."

ஜமீலா பார்த்தார்.

"ஆனா இது அநியாயம் மேடம்." அவர் குரல் மறுபடி ஏறியது. "அலர்ட்டை நான் நிறுத்துனப்ப இந்த ஆபீஸ்ல ஒருத்தர் ஏன்னு கேக்கல. எல்லாரும் அப்பாடான்னாங்க. இப்ப வீட்டுக்குப் போறது மட்டும் நான் ஒருத்தன். பாருங்க, ஒரு பேருக்குத்தான் கட்டம் போட்டிருக்கான்!"

"பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க அண்ணாச்சி," என்றார் ஜமீலா. "முதல்ல அப்பாடான்னது நான்."