மூன்றாவது கேன்

மாலை நான்கு மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி வாரி ஐஸ் கம்பெனியின் தகரக் கதவில் இறைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே இன்னாசி நின்றிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிலேந்திரன் ஆசானுக்கோ நாற்பத்தெட்டுதான். அதனால் ஆசான் அவரை ‘அண்ணே’ என்பார். ‘வாங்க, போங்க’ என்பார். பதினோரு வருடம் அந்த மரியாதை இன்னாசிக்கு இனித்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு கஸ்பார் வேலைக்கு வந்தான். அவனை ஆசான் ‘ஏல’ என்று உரிமையோடு கூப்பிட்டார். “ஏல, இங்க வா, இந்தச் சத்தத்தைக் கேளு” என்று தோளைப் பிடித்து இழுத்து, கம்ப்ரசரின் அருகே நிறுத்தினார். அன்றிலிருந்து ‘அண்ணே’ என்ற சொல், யாரோ கதவைச் சாத்துவதுபோல இன்னாசியின் காதில் விழத் தொடங்கியது.

நாளைக் காலை ஆசான் புதிதாகத் தொடங்கும் வேறொரு கம்பெனிக்குப் போகிறார். இந்தக் கம்பெனியை ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். “கஸ்பார் தனியா நிரப்புன பத்துக் கேனையும் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்லுதேன்” என்றிருந்தார்.

ஐஸ் கம்பெனியில் உப்பின் வேலை விசித்திரமானது. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். இயந்திரம் அதை எவ்வளவு குளிரவைத்தாலும் அது உறையாது. நல்ல தண்ணீர் ஊற்றிய கேன்களை அதற்குள் இறக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் நிறுத்தினால், கேனில் உள்ள தண்ணீர் பாளமாக இறுகிவிடும். உப்பு வெளியே நிற்க வேண்டும். ஒரு கைப்பிடி அளவுகூட உள்ளே போகக் கூடாது. இதை முதல் நாளே கஸ்பாருக்குச் சொன்னவர் இன்னாசிதான்.

நேற்று மத்தியானம் கேன்களை இறக்கிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது மூன்றாவது கேனை மூடியிருந்த பலகையைத் தூக்கி, அரை வாளி உப்பைக் கொட்டிக் கலக்கியவரும் இன்னாசிதான்.

கஸ்பார் கேன்களைத் தூக்கிக் கவிழ்த்தான். முதல் பாளம் கண்ணாடிபோல வழுக்கி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து சளசளவென்று கூழ் கொட்டியது.

படகுக்கு ஐஸ் ஏற்ற வந்திருந்த சகாயம் சிரித்துவிட்டான். “ஏல கஸ்பாரு, மீனுக்கு ஐஸ் கேட்டா கஞ்சியில்லா காச்சி வச்சிருக்க! துவையல் எங்கல?”

கஸ்பாரின் முகம் வெளுத்தது. “கேன்ல ஓட்டை இருக்கும் ஆசானே. தொட்டித் தண்ணி உள்ள இறங்கியிருக்கும்.”

“இருக்கும், இருக்கும்” என்றார் இன்னாசி அவசரமாக. “இறக்குறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும். நான்னா பார்த்திருப்பேன்.”

ஆசான் அந்தக் கூழை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “ஏல, நீ போய் மத்ததைச் சகாயத்துக்கு ஏத்திவிடு” என்று கஸ்பாரை அனுப்பினார். பிறகு அந்தக் கேனை நிமிர்த்தி, விளிம்புவரை தண்ணீர் பிடித்து, காய்ந்த தரையில் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கேனைச் சுற்றி ஒரு சொட்டு ஈரமும் படரவில்லை.

ஆசான் கேட்டார்: “எதுக்கு அண்ணே?”

இன்னாசி மறுக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“பதினோரு வருசம் ஆசானே. ஒரு நாளாவது என்னை அப்படித் தோளைப் பிடிச்சு இழுத்திருப்பியளா? அவனுக்குக் கொடுத்ததுல எனக்குப் பாதியாவது கொடுத்தியளா?”

ஆசான் தொட்டியின் பலகைகளைப் பார்த்தார். அவற்றின் இடுக்குகளில் குளிர் புகையாக எழுந்துகொண்டிருந்தது.

“பத்துக் கேனும் ஒரே தொட்டியிலதான் நின்னுது, அண்ணே. மூணாவதுக்கும் அதே குளிரைத்தான் கொடுத்தேன்.”



மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆசான் கம்பெனிச் சாவியைக் கஸ்பாரின் கையில் வைத்துவிட்டு, மஞ்சள் பையோடு பஸ் ஏறினார். கஸ்பார் உள்ளே வந்து, முதல் வேலையாக வெல்டருக்குப் போன் போட்டான்.

“வேண்டாம்டே” என்றார் இன்னாசி. “கேன்ல ஓட்டை இல்ல. உப்பைப் போட்டது நான்தான்.”

கஸ்பார் போனைக் காதிலிருந்து இறக்கினான். குழாயைத் திறந்து, மற்ற ஒன்பது கேன்களையும் நிரப்பப் போனான்.

இன்னாசி மூன்றாவது கேனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் விட்டு, கையை உள்ளே விட்டுத் தேய்த்து, கவிழ்த்தார். மறுபடி தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் கவிழ்த்தார்.