யாருமில்லாத கழிமுகம்

ஜெபசீலி கழிமுகங்களைக் கணினிக்குள் கட்டுகிறவர். ஆற்று நீர், கடலின் ஏற்றவற்றம், மழை, மீன், மனிதர் எல்லாமே அங்கே எண்கள்தான். அவரிடம் பாடம் கேட்க வந்த சந்தானகோபாலன் ஓய்வுபெற்ற பொறியாளர், ஆசிரியையைவிட வயதில் மிக மூத்தவர். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

ஒரு கழிமுகத்தைக் காப்பாற்ற, அதன் கரையிலிருக்கும் மீனவர் ஊரான சிப்பிக்குப்பத்தை அப்புறப்படுத்தலாமா என்று அரசு மேலிடம் கேட்டிருந்தது. அறிக்கை எழுத வேண்டியவர், ஆலோசகராக அமர்த்தப்பட்ட சந்தானகோபாலன். திங்கட்கிழமை கெடு.

"டீச்சர், மனிதர் கைபடாவிட்டால் இந்தக் கழிமுகம் எப்படி இருக்கும்?"

"கணினியில் ஓட்டிப் பாருங்கள் சார்."

குப்பத்தாரின் செயல்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்த அனைத்தையும் அவர் பூஜ்யமாக்கினார். வலை போனது. சாக்கடை போனது. படகு எண்ணெய் போனது. பங்குனியில் வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டியோடு வந்து, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டித் திறப்பார்களே, அதுவும் போனது. திரையில் குப்பத்து வீடுகளைக் காட்டிய புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

முதல் சில மாதங்கள் நீர் தெளிந்தது. மீன் பெருகியது.

"பார்த்தீர்களா? குப்பம் போனால் போதும் என்று நான் அப்போதே சொன்னேன்."

"நிறுத்தாதீர்கள். ஓடட்டும்."

பங்குனி வந்தது. கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்தது. வெட்ட ஆளில்லை. நீர் அசையாமல் கிடந்தது. நீலம் பச்சையாயிற்று. பச்சை கறுத்தது. மீனின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் நின்றது. கறுப்பு மட்டும் மெல்ல மெல்லக் கரையேறி, வீடுகள் இருந்த இடத்தை மூடியது.

சந்தானகோபாலன் மழையைக் கூட்டினார். காற்றை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே கறுப்பு.

"வெள்ளம் வந்தால் மணலை உடைத்துவிடும் டீச்சர். ஆற்றில் மேலே இருக்கிற அணைதான் வெள்ளத்தைத் தடுக்கிறது."

"அணையை எடுக்கச் சொல்லி எழுதுவீர்களா?"

"எழுதினால் யார் எடுப்பார்கள்?"

"குப்பம்தான் தூக்க லேசு. இல்லையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஒரு வழி இருக்கிறது. வெட்டுகிற வேலையை மட்டும் திரும்ப வைப்போம். வலை வேண்டாம், சாக்கடை வேண்டாம், வீடு வேண்டாம். கணினி அதற்கு ஒத்துக்கொள்ளுமா?"

"அது எதற்கும் ஒத்துக்கொள்ளும்."

ஜெபசீலி அந்த ஓர் எண்ணை மட்டும் பழையபடி இட்டார்.

மறுபடியும் பங்குனி. வெறிச்சோடிய கரையில் மணல் தானாகப் பிளந்தது. பிளவு அகன்றது, ஆழமாயிற்று, கடல் உள்ளே வந்தது. மீன் வந்தது. கரையில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த பங்குனியிலும் மணல் பிளந்தது. அதற்கடுத்ததிலும்.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் சந்தானகோபாலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"டீச்சர்... யார் வெட்டுகிறார்கள்?"

"அதைத்தான் சார் மேலிடத்திலும் கேட்பார்கள். திங்கட்கிழமைக்குள் ஒரு பெயர் யோசித்து வையுங்கள்."